மூச்சு மட்டும் குடுங்க

சிரித்தது அவள்தான். வாய் அவளுடையது, தொண்டை அவளுடையது, அடிவயிற்றிலிருந்து கேட்காமல் கொள்ளாமல் கிளம்பி வந்த அந்தச் சத்தமும் அவளுடையதேதான், ஆனால் டப்பிங் டைரக்டர் எட்வின் சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பொத்தானை அமுக்கி "யாரு சிரிச்சது?" என்று கேட்டபோது மங்களேஸ்வரி மற்ற ஏழு பேரையும் போலவே தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பி யாராயிருக்கும் என்று பார்த்தாள். பாசாங்கு என்று சொல்லிவிட முடியாது. ஒரு நொடி அவளுக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக டப்பிங் தியேட்டர்களில் கூட்டத்துக்குக் குரல் கொடுக்கிறவள். கல்யாண வீட்டுச் சலசலப்பு, ரயில்வே ஸ்டேஷன் இரைச்சல், கலவரம், தேரோட்டம், எழவு வீடு, எல்லாவற்றிலும் அவள் இருக்கிறாள், ஒன்றிலும் அவள் குரல் இன்னதென்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது, சொல்ல முடிந்தால் அன்றைக்கே வேலை போச்சு. எட்டுப் பேர் ஒரே மைக்கைச் சுற்றி அரைவட்டமாக நின்று முந்நூறு, ஐநூறு பேராக ஆக வேண்டும், அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள். வளையலைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து, தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளி, சரசரக்காத பழைய புடவையாகப் பார்த்துக் கட்டி, காலையில் மூன்று இட்லிக்கு மேல் தின்னாமல், தின்னாமலே இருந்துவிடாமலும் பார்த்துக்கொண்டு, ஏனென்றால் காலி வயிறு உறுமுகிற சத்தம்கூட அந்தப் பாழாய்ப்போன மைக்கில் விழும், இத்தனை ஜாக்கிரதையாக வந்து நின்றவள் இன்றைக்குப் போய்ச் சிரித்து வைத்தாள். அதுவும் எந்த இடத்தில்? யாருமே சிரிக்கக் கூடாது என்று சொல்லி நிறுத்திய இடத்தில். எட்வின் சார் பத்து நிமிஷம் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றார். "வந்ததும் யாருன்னு சொல்லிடுங்க. கோபமெல்லாம் இல்ல. எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்." கோபமில்லை என்று அவர் சொன்ன விதத்திலேயே எட்டுப் பேருக்கும் விஷயம் விளங்கிவிட்டது.

ஆறு பேர் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். அவள் போகவில்லை. தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் முக்காலியில் நூர்ஜஹான் மட்டும் உட்கார்ந்திருக்கிறாள், இந்த வேலைக்கு வந்து மூன்று மாசம்கூட ஆகாதவள், எட்டுப் பேரில் இன்னொரு பெண் அவள்தான். சிரித்தது ஒரு பொம்பளைக் குரல் என்பது செவிடனுக்கும் தெரியும். ஆக, இவள் இல்லாவிட்டால் அவள். நூர்ஜஹானுக்கு அது தெரியும், ஏனென்றால் தோளோடு தோள் உரசி நின்றது அவள்தான், சிரிப்பு கிளம்பியபோது மங்களேஸ்வரியின் முழங்கை அவள் விலாவில் இடித்தது. ஆனாலும் அந்தப் பெண் ஒரு தரம் இவளை ஏறிட்டுப் பார்த்ததோடு சரி, வாயே திறக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு வழியாக முடிந்திருக்கும். எதற்காகச் சும்மா இருக்கிறாள்? பெரியவள் என்ற மரியாதையா, இல்லை, அக்காவே சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கையா? நம்பிக்கையாக இருந்தால் வம்புதான், மரியாதை என்றால் கொஞ்சம் தாக்காட்டலாம். மங்களேஸ்வரி தன் நினைப்பு போகிற போக்கைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டாள், வெட்கப்பட்டுக்கொண்டே இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு நிமிஷம்.

எதிரே திரையில் படத்தை அப்படியே நிறுத்திவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கொரியாப் படம், அந்தக் காலத்து ராஜா கதை. அதற்கு மேல் இவர்களுக்கு ஒன்றும் தெரியாது, கூட்டத்துக்கு யார் கதை சொல்லப்போகிறார்கள். காலையில் எட்வின் சார் ஒரே மூச்சில் சொன்னதுதான். ஊர் ஊராகப் போய் வேஷம் கட்டி ஆடிப் பிழைக்கிற ஆறு பேர், சந்தையில் ராஜாவையே கிண்டல் பண்ணி ஆடியிருக்கிறார்கள், பிடித்து வந்து அரண்மனை முற்றத்தில் நிறுத்தி அதே ஆட்டத்தை ராஜா முன்னால் ஆடச் சொல்கிறார்கள். "ராஜா சிரிச்சா அவங்க பொழைச்சாங்க. சிரிக்கலைன்னா தலை போயிடும். அவர் சிரிக்கிற வரைக்கும் சபையில ஒரு ஈ காக்கா சிரிக்கக் கூடாது. அதனால உங்களுக்கு வசனம் கிடையாது. மூச்சு மட்டும் குடுங்க. சிரிப்பு முட்டிக்கிட்டு வருது, அடக்கிட்டு நிக்கிறாங்க, அந்த மூச்சு." சிகாமணி அண்ணன், முப்பது வருஷமாக 'மன்னர் வாழ்க' கத்திக் கத்தித் தொண்டை தகரமாகிப் போனவர், "மூச்சு விடறதுக்கும் நம்மளைத்தான் கூப்பிடணுமா" என்று முணுமுணுத்தார். கூப்பிடத்தான் வேண்டும். அடக்கின மூச்சு என்பது லேசுப்பட்டதா? மூக்கால் இழுத்து, நெஞ்சில் நிறுத்தி, விடும்போது துண்டு துண்டாக விட வேண்டும், எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் விட்டால் பஸ் பிரேக் போட்ட மாதிரி இருக்கும், ஆளுக்கொரு தாளத்தில் விட வேண்டும். மங்களேஸ்வரி அதில் கெட்டிக்காரி. கெட்டிக்காரி என்று பேர் வாங்கியவள்தான் கோட்டை விட்டாள்.

ராஜாவைக் கண்ணில் காட்டவில்லை. முற்றத்துக்கு மேலே படிகள், படிகளுக்கு மேலே ஒரு மூங்கில் தட்டி, தட்டிக்குப் பின்னால் ராஜா. அவ்வளவுதான் தெரிகிறது, நிழல்கூட விழவில்லை. உள்ளே இருக்கிறவன் ஒல்லியா குண்டா, கிழவனா வாலிபனா, கன்னத்தில் கை வைத்துக் கேட்கிறானா, தூங்கிவிட்டானா? காலையிலிருந்து அவளுக்கு இதுவே அரிப்பாக இருக்கிறது. எல்லாரும் அவன் சிரிப்புக்குக் காத்திருக்கிறார்கள், சரி, அவன் எதற்குக் காத்திருக்கிறான்? பிறந்ததிலிருந்து அவனுக்கு முன்னால் யாரும் சிரித்ததே இல்லையென்றால் எது சிரிப்பான சங்கதி என்று அவனுக்கு எப்படித்தான் தெரியும்? பக்கத்தில் நாலு பேர் சிரித்தால்தானே நமக்கே சிரிப்பு வருகிறது. ஒருவேளை அவனும் அந்தத் தட்டிக்குப் பின்னால் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானோ, எவனாவது ஒருத்தன் முதலில் ஆரம்பிக்க மாட்டானா என்று? அப்படியிருந்தால் அநியாயம், இந்தப் பக்கம் முந்நூறு பேர் அவனுக்காகக் காத்திருக்க, அந்தப் பக்கம் அவன் இந்த முந்நூறு பேருக்காகக் காத்திருக்க, நடுவில் ஆறு பேர் தலை போகும். இதை எட்வின் சாரிடம் கேட்டால் சொல்வார். கேட்கத்தான் முடியாது. இருபத்திரண்டு வருஷத்தில் எந்தப் படத்தின் முடிவையும் அவள் கேட்டதில்லை. இரண்டாவது ரீலில் ஓட்டம், ஒன்பதாவதில் ஒப்பாரி, கொடுத்துவிட்டு பஸ் ஏற வேண்டியதுதான். எத்தனை சாவுக்கு அழுதிருக்கிறாள், செத்தது யார் என்று தெரியாமல். இப்போது ரீல் எல்லாம் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டருக்குள் வருகிறது, ஆனாலும் வாய்ப் பழக்கத்தில் ரீல் ரீல் என்றேதான் சொல்கிறார்கள்.

சிரிப்பு ஏன் வந்தது என்றால், அந்தப் பாவி மனுஷன் வாயில் ஈ புகுந்ததால் வந்தது. ஆட்டக்காரர்களில் ஒருத்தன் தவிட்டுக் கூடையைக் கிரீடமாகக் கவிழ்த்துக்கொண்டு ராஜாவாக உட்கார்ந்தான், நாற்காலிக்கு இன்னொருத்தன் முதுகு. உச்சி வெயிலில் அவன் குளிர்கிறது என்று உடம்பைக் குறுக்கியதும் மற்றவர்கள் கிடுகிடுவென்று நடுங்கினார்கள். அவன் தும்மினான், அத்தனை பேரும் தும்மினார்கள். இதுவரைக்கும் அவள் மூச்சு ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவன் கையைத் தூக்கி எல்லாரும் வாயைத் திறங்கள் என்று காட்டினான், திறந்தார்கள், என்ன பேச வேண்டும் என்று சொல்வதற்குள் தூக்கிய கை தூக்கியபடியே தூங்கிப்போனான். திறந்த வாய் திறந்தபடி நிற்கிறார்கள். கடைசியில் நின்ற குள்ளன் வாய்க்குள் ஒரு ஈ போயிற்று. நிஜ ஈயோ, நடிப்போ, யார் கண்டது. அவன் துப்பவுமில்லை, முழுங்கவுமில்லை. முழுங்கலாமா, உத்தரவு உண்டா என்று கண்ணை மட்டும் உருட்டிப் பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான், அந்தப் பக்கத்துக்காரன் எனக்கென்ன தெரியும் என்று அவனுக்கு அடுத்தவனைப் பார்த்தான். பாஷை தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அதே நிமிஷம் மங்களேஸ்வரிக்கும் தொண்டையில் கபம், எச்சில் விழுங்கினால் மைக்கில் விழுமே என்று சிகாமணி அண்ணனை ஓரக்கண்ணால் பார்த்தாள், சிகாமணி அண்ணன் கண் பிதுங்க அவளைப் பார்த்தார். போச்சு. அதற்கு மேல் அவள் கையில் என்ன இருக்கிறது. கடைசியாக இப்படி எப்போது சிரித்தாள் என்று யோசித்தால் ஞாபகமே வரமாட்டேன் என்கிறது. எட்வின் சார் கையசைத்தால் சிரிப்பாள், குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள், கை இறங்கினால் நிறுத்துவாள், அது கணக்கில் சேராது. இது வேறு. இது வந்தது நல்லாயிருந்தது. சீ, என்ன புத்தி இது, வேலை போகப்போகிறது, நல்லாயிருந்ததாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எட்வின் சார் சவுண்டு என்ஜினியர் கிரிதரனிடம் ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார். பொத்தானை அமுக்கினால்தான் இந்தப் பக்கம் கேட்கும், அமுக்கவில்லை. உதடு மட்டும் அசைகிறது. அசைகிற உதட்டைக் கண்டால் வார்த்தை வைக்காமல் இருக்க முடியுமா அவளால். முதலில் 'அடுத்த தடவை அந்தம்மாவைக் கூப்பிடாதே' என்று வைத்துப் பார்த்தாள், நீளம் சரியாக இருந்தது, ஆனால் 'ம்மா'வுக்கு உதடு மூடவில்லை. 'டீ ஆறிப்போச்சு' என்று வைத்தாள், அது பாதியிலேயே முடிந்துவிட்டது, அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். சாத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு தரம் மந்திரி வந்து பேசினார், பிள்ளைகளெல்லாம் காகிதக் கொடியோடு இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றிருந்தார்கள், மைக் செத்துப்போனது தெரியாமல் மந்திரி வாயசைத்துக்கொண்டே இருந்தார், பதினோராம் வகுப்பு மங்களேஸ்வரி அந்த வாய்க்குத் தோதாக 'எனக்குக் கொஞ்சம் மோர் வேணும், என் மாமியா வீட்டுக்குப் போகணும்' என்று மூச்சுக்குள் பேசிவிட்டுத் தானே களுக்கென்று சிரித்தாள். யாரு சிரிச்சது என்றார் டிரில் மாஸ்டர். யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற ராஜகனியைத்தான் இழுத்துக்கொண்டு போனார், அவளுக்கு எப்போதும் சிரிக்கிற மாதிரி ஒரு முகம். அன்றைக்கு முழுக்க மணலில் முட்டி போட்டாள் ராஜகனி. சாயந்திரம் முட்டியை ஊதிக்கொண்டே அவள் கேட்டாள், 'மோருக்கு அப்புறம் அந்த ஆளு என்னடி கேட்டாரு?' அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. முப்பத்து மூன்று வருஷம் கழித்து இதையெல்லாம் எதற்கு இப்போது தோண்ட வேண்டும்?

எட்வின் சார் கெட்டவர் இல்லை. யாரையும் திட்ட மாட்டார், குரல் உசராது. அடுத்த வேலைக்குப் போன் வராது, அவ்வளவுதான். முன்பு இதே கூட்டத்தில் நின்ற கோதைக்கு அப்படித்தான் ஆயிற்று. ஒப்பாரி சீனில் அவள் பையிலிருந்த மொபைல் பாடிவிட்டது, 'பரவாயில்ல கோதை, விடுங்க' என்றுகூடச் சொன்னார், அதற்கப்புறம் போன் வரவில்லை. வராதே என்று யாரும் சொல்லவில்லை, அதனால் ஏன் என்று கேட்கவும் வழியில்லை. ஒரு வருஷம் கோதை குளிக்கப் போகும்போதும் மொபைலை சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ராஜாவாவது தலையை வாங்குகிறேன் என்று வாய்விட்டுச் சொல்கிறான். மங்களேஸ்வரிக்கு இந்த வேலையை விட்டால் வேறென்ன தெரியும், வீட்டுக்காரர் முழங்கால் போய் உட்கார்ந்து நாலு வருஷமாகிறது, மகள் நர்சிங் படித்து முடிக்க இன்னும் ஒரு வருஷம். வீடு இவள் தொண்டையில் ஓடுகிறது. நூர்ஜஹானுக்கு அப்படியில்லை, சின்ன வயசு, நல்ல குரல், வேறே தியேட்டர் பார்த்துக்கொள்வாள், புருஷன் சம்பாதிக்கிறான். சம்பாதிக்கிறானா? அது உனக்கு எப்படித் தெரியும்? ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா? இல்லை. சம்பாதிப்பான், சம்பாதிக்காமலா இருப்பான். அப்போதுதான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிரிதரன் புருவத்தைத் தூக்கி ஏதோ கேட்டான், எட்வின் சார் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். அவள் பார்த்தாள். உதடு மூடவில்லை. மங்களம் என்றால் மூட வேண்டும், 'ம'வுக்கு மூடாமல் முடியவே முடியாது. மூடவில்லை, முன்னால் குவிந்தது, பிறகு விரிந்தது. நூர்ஜஹான். வேறு என்னென்னவோ பேர்களை அந்த உதட்டில் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் பொருந்தவில்லை. உடம்பெல்லாம் ஒரு நிம்மதி இறங்கியது. இறங்கிய கையோடு, நூர்ஜஹான் உட்கார்ந்திருந்த பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எல்லாரும் திரும்பி வந்து செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மைக்கைச் சுற்றி நின்றார்கள். சிகாமணி அண்ணனிடம் பஜ்ஜி வாசனை. மேலே சிவப்பு விளக்கு இன்னும் எரியவில்லை. "சொல்லுங்க" என்றது காதில் மாட்டிய ஹெட்போனுக்குள் எட்வின் சாரின் குரல். எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். திரையில் கூடைக் கிரீடக்காரன் எழுந்து ஒற்றைக் காலில் நிற்கிறான், ஆட்டம் முடிந்து கும்பிடு போடுவதற்கு முந்தின நிலை, சிரிப்புக்கு அப்புறமும் ஓடிப்போய் அந்த இடத்தில்தான் படம் நிற்கிறது. அவன் கண் மட்டும் மேலே தட்டியைப் பார்க்கிறது. பயத்தோடுதான் பார்க்கிறானா? உற்றுப் பார்த்தால் பயமாகத் தெரியவில்லை, உள்ளே இருக்கிறவன் யார் என்று எட்டிப் பார்க்கிற கண்ணாக இருக்கிறது. தலை போகிற நேரத்திலும் உனக்கு அதுதானா கவலை, என்று கேட்கத் தோன்றியது அவளுக்கு. "சரி" என்றார் எட்வின் சார். "நூரு, நீங்க இன்னிக்கு வெளிய உக்காந்துக்கங்க. ஒண்ணும் இல்ல, பாத்துக்கலாம்." நூர்ஜஹான் காதில் மாட்டியதைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டாள். குனிந்து செருப்பைத் தேடினாள். ஒரு செருப்பு கிடைத்தது, இன்னொன்று சிகாமணி அண்ணன் செருப்புக்கு அடியில் கிடந்தது, அவரும் பார்க்கிறார், குனிந்து எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்கிறார்.

"சார், நான்தான் சார்."

இத்தனை வருஷத்தில் எந்த மைக்கிலும் அவள் தனியாகப் பேசியதில்லை. காதுக்குள் திரும்பி வந்த அந்தக் குரல் யாரோ மாதிரி இருந்தது, கொஞ்சம் கரகரப்பாக, நினைத்ததைவிடக் கனமாக. பரவாயில்லையே என்று அந்த நேரத்திலும் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டாள்.

"நீங்களாக்கா?"

"ஆமா சார். நூரு இல்ல. அப்பவே சொல்லியிருக்கணும், பயந்துட்டேன்."

"உங்களுக்கு என்னக்கா ஆச்சு? நீங்க இப்படிப் பண்ற ஆளு இல்லையே."

"அந்த ஈ சார். வாயத் தொறந்துட்டு நிக்கிறானே அந்தக் குள்ளன், அவன் வாய்க்குள்ள ஈ பூந்துடுது. முழுங்கலாமா வேணாமான்னு தெரியாம பக்கத்தாளப் பாக்குறான். நானும் அந்நேரம் எச்சி முழுங்க முடியாம சிகாமணி அண்ணனைத்தான் பாத்துட்டு இருந்தேன். நாங்களும் அப்படித்தானே சார் நிக்கிறோம்."

சொல்லி முடித்த பிறகுதான் இந்தக் கடைசி வாக்கியம் தேவையா என்று தோன்றியது. சிகாமணி அண்ணன் கூரையைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எட்வின் சார் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு கிரிதரனிடம் எதுவோ சொன்னார், கிரிதரன் தலையைக் குனிந்துகொண்டான், தோள் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. மங்களேஸ்வரி அந்த உதட்டுக்கு வார்த்தை வைக்கவில்லை. எதுவானாலும் அவரே சொல்லட்டும். போன் வராது, வராவிட்டால் என்ன செய்வது என்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து யோசிக்கலாம். ஆனால் இந்த வாசலைத் தாண்டிவிட்டால் ஒன்று மட்டும் காலத்துக்கும் தெரியாமலே போய்விடும். அதை நினைத்தபோதுதான் அவளுக்கு நிஜமாகவே தாங்கவில்லை.

"வேற ஏதாவது சொல்லணுமாக்கா?"

"ராஜா சிரிச்சாரா சார்?"

அரைவட்டத்தில் ஏழு தலைகளும் அவள் பக்கம் திரும்பின. எட்வின் சார் முன்னால் கிடந்த தாள்களைப் புரட்டினார், கடைசித் தாள் வரைக்கும் போனார், திரும்ப ஒரு தரம் புரட்டினார். பிறகு திரையைப் பார்த்தார், இவர்கள் எல்லாரும் பார்க்கிற அதே தட்டியை.

"தெரியலக்கா" என்றார். "இந்த ரீலு அதோட முடியுது. அடுத்தது படக் கம்பெனிக்காரங்க இன்னும் அனுப்பல, ஒவ்வொண்ணாத்தான் விடுறாங்க. நேத்து ராத்திரியே போன் போட்டுக் கேட்டேன், சொல்ல மாட்டேங்கிறான்." குரலில் குறை இருந்தது, கடைக்காரன் இல்லை என்று கைவிரித்தால் வாங்கப் போனவனுக்கு வரும் குறை. அவருக்கும் தெரியாது. அத்தனை பெரிய கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கும் தெரியாது. இது அவளுக்கு ஏனோ பெரிய ஆறுதலாக இருந்தது.

"நூரு, செருப்பை விடுங்க, வந்து நில்லுங்க. எல்லாரும் ரெடியா? முதல்லேருந்து போறோம். மூச்சு மட்டும்."

சிவப்பு விளக்கு எரிந்தது. கூடை ஏறியது, குளிர் வந்தது, தும்மல் வந்தது, வாய்கள் திறந்தன, ஈ புகுந்தது. மங்களேஸ்வரி மூக்கால் இழுத்து நெஞ்சில் நிறுத்தித் துண்டு துண்டாக விட்டாள், கண்ணில் தண்ணீர் முட்டியது, பக்கத்தில் நூர்ஜஹானின் விலா எலும்பு குலுங்குவது இவள் முழங்கையில் தெரிந்தது, சிகாமணி அண்ணன் இந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேன் என்று சுவரோடு கண்ணை ஒட்டிக்கொண்டார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. எட்டுப் பேர் முந்நூறு பேராக நின்று அடக்கினார்கள். ஒற்றைக் கால் தூக்கியதும் படம் நின்றது. "ஓகே" என்றது குரல்.

அவள் ஓரமாகப் போய்க் கைக்குட்டையை அவிழ்த்து வளையலை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். நூர்ஜஹான் வந்து பக்கத்தில் நின்றாள். "அக்கா, அந்த ராஜா சிரிப்பான்னு நினைக்கிறீங்களா?" என்று மெல்லக் கேட்டாள், வேறு எதையும் கேட்கவில்லை. தெரியலையே புள்ள, என்றாள் மங்களேஸ்வரி. உன் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்க நினைத்தாள், அதற்குள் மேலே ஸ்பீக்கர் கொரகொரவென்றது.

"அடுத்த ரீலு வியாழக்கெழமை வந்துடுமாம். மங்களக்கா, நீங்க பத்து மணிக்கே வந்துடுங்க. ரெக்கார்டிங்குக்கு முன்னாடி ஒரு தடவ ஓட்டிப் பாத்துடலாம்."

சரி சார் என்று அவள் மைக் இல்லாத இடத்திலிருந்து சொன்னாள், அவருக்குக் கேட்டிருக்காது, தலையை ஆட்டியது தெரிந்திருக்கும். கிரிதரன் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தான். திரையை மட்டும் இன்னும் அணைக்கவில்லை. கூடைக்காரன் ஒற்றைக் காலில் நின்று தட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். இன்றைக்குத் திங்கள். செவ்வாய், புதன், வியாழன் பத்து மணி வரைக்கும் அவன் இப்படியே நின்றாக வேண்டும். பாவம், கால் கடுக்காதா, என்று நினைத்துக்கொண்டே மங்களேஸ்வரி செருப்பை மாட்டினாள்.